மறு: ‘மார்க்’ – தமிழில் எப்படி எழுதலாம்?

வணக்கம். ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து பற்றிய நம் கட்டுரை வரைவில் வரும் ‘மார்க்’ முதலிய சொற்களைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது.

> கிரிக்கெட்டில் கேட்ச், இங்கே மார்க். ‘பிடி’ போதாதா?

போதாது ஐயா. கிரிக்கெட்டில் பந்தைப் பிடித்தால் மட்டையாளர் வெளியே போவார். ஆஸ்திரேலிய விதிக் காற்பந்தில் பிடித்தவருக்கு ஓர் உரிமை வருகிறது. உதைத்த பந்து குறைந்தது 15 மீட்டர் வந்திருக்க வேண்டும். வழியில் யார் கையும் படக்கூடாது, தரையும் படக்கூடாது. அப்படிப் பிடித்துவிட்டால் நடுவர் ஊதுவார், அவரை யாரும் மடக்க முடியாது. நிதானமாகப் பார்த்து உதைக்கலாம். அவசரமென்றால் நிற்காமல் ஆடலாம். வெறும் ‘பிடி’ இதில் பாதியைக்கூடச் சொல்லாது. கபடியில் வேறு ஒரு பிடி இருக்கிறது, அங்கே அகப்படுவது ஆள்!

‘மார்க்’ என்பதற்குக் ‘குறி’ அகராதிக்குச் சரி, ஆட்டத்துக்கு ஆகாது. போன வரைவில் நம் கட்டுரையின் நாயகரைப் பற்றி “ஜெசௌலென்கோ அற்புதமான மதிப்பெண் பெற்றார்” என்று இருந்ததைப் பார்த்தீர்களா? ஏதோ பள்ளித் தேர்வு எழுதியவர் போல.

என் பரிந்துரை ‘உரிமைப்பிடி’. “உரிமைப்பிடி எடுத்தார்” என்று வினையோடும் இயல்பாகச் சேர்கிறது. (தயவுசெய்து உ.பி. என்று சுருக்கிவிடாதீர்கள், உத்தரப் பிரதேசமா உடன்பிறப்பா என்று கேட்பார்கள்.)

> எதிராளியின் மேல் ஏறிப் பிடிப்பதற்கு ‘தாவிப்பிடி’?

தாவல் எல்லாப் பிடியிலும் உண்டு. ‘ஸ்பெக்கி’ எனப்படும் இந்தப் பிடியில் எதிராளியின் முதுகும் தோளுமே படிக்கட்டு. முதுகில் கைவைத்துத் தள்ளினால் தவறு. பந்தையே குறிவைத்து எம்பும்போது முழங்கால் பட்டால் குற்றமில்லை. ஆகவே ‘தோளேறு பிடி’.

நம் கட்டுரையின் நாயகருக்கு இந்தச் சொல் கட்டாயம் வேண்டும். அலெக்ஸ் ஜெசௌலென்கோ 1945இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் பிறந்தவர். கான்பராவில் ஆடிவிட்டு 1967இல் கார்ல்டன் அணிக்கு வந்தார். 1970 பருவத்தில் மட்டும் 115 கோல். அந்த ஆண்டு இறுதியாட்டத்தில், மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 1,21,696 பேர் பார்த்திருக்க, எதிரணியான காலிங்வுட்டின் கிரேம் ஜென்கின் மேல் ஏறி எடுத்த பிடிதான் அவர் பெயரை நிலைநிறுத்தியது. இடைவேளையில் 44 புள்ளி பின்தங்கியிருந்த கார்ல்டன் 10 புள்ளியில் வென்றது என்பதுகூடப் பலருக்கு அப்புறம்தான் நினைவுக்கு வரும். ஆண்டின் சிறந்த மார்க்குக்கான பதக்கத்துக்கே இன்று அவர் பெயர். 1979இல் ஆட்டத் தலைவர், பயிற்சியாளர் இரண்டு பொறுப்பையும் சுமந்து கோப்பை வாங்கித் தந்தார். அவருக்குப்பின் யாரும் அப்படி வென்றதில்லை. வரைவில் இதை ஒரே வரியில் கடந்துவிட்டோம், கொஞ்சம் விரிக்கலாம்.

> மக்கள் மார்க் என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்லட்டும். முதல் இடத்தில் ‘மார்க் எனப்படும் உரிமைப்பிடி’ என்று எழுதிவிட்டால் ஆட்டம் தெரிந்தவர், தெரியாதவர் இருவருக்கும் புரியும். ஹேண்ட்பால் (பந்தைக் கைமுட்டியால் குத்தி அனுப்புவது), டிராஃப்ட் (அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) இரண்டையும் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

அடுத்தது ‘பிஹைண்ட்’. நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி; அவற்றுக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் 1. ‘பின்’ என்றால் ஒன்றும் விளங்காது. ‘ஓரப்புள்ளி’ என்று வைக்கிறேன், மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.