நன்மை வாங்கிய பிறகு அமைதி வேண்டும்: வழி சொல்லுங்கள்

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக் கத்தோலிக்கக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறேன். கண்டி மறைமாவட்டம். ஒரு கீபோர்டு, ஒரு டோலக், பாடுவது பெரும்பாலும் இளம் பிள்ளைகள்.

உயிர்த்த ஞாயிறிலிருந்து, பூசைத் தொடக்கத்தில் வரும் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ச்சிக் கீதத்தை டோலக்கோடு பாடுகிறோம். பிள்ளைகள் முகம் மலர்ந்து பாடுவதைப் பார்க்கவே சந்தோஷம். ஆனால் அந்த வேகம் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கிய பிறகும் அடங்குவதில்லை. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கைகளைக் குவித்து, கண்மூடி முழங்காலில் இருக்கும் அம்மாமார் செபிக்க முடியவில்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான்.

டோலக்கை நிறுத்திப் பார்த்தோம், பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டது. மைக் சத்தத்தைக் குறைத்தும் பலனில்லை. சரி, மெதுவான பாட்டு என்று போனால், ஒன்று முடிய அடுத்தது தொடங்கிவிடுகிறது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தந்த திருவழிபாட்டு ஏடு மக்கள் பாடுவதையும் கேட்கிறது, உரிய நேரத்தில் பக்தியான மௌனத்தையும் கேட்கிறது. எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஃபாதரும் இரண்டும் வேண்டும் என்கிறார்.

டோலக் வாசிக்கும் கோயில்களில் உள்ளவர்களே, நன்மைப் பாட்டை எந்த இடத்தில் நிறுத்தி, பிள்ளைகளையும் சேர்த்து எப்படி மௌனத்துக்குள் கொண்டுபோகிறீர்கள்?