மருத்துவப் படிப்பில் சீட் கிடைக்க மார்க் தவிர என்னவெல்லாம் தேவைப்பட்டது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மகளைச் சேர்த்த அப்பா:

என் மகள் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு. நீட் தேர்வுக்கு அவள் இரண்டு வருடம் உழைத்தாள். அவள் உழைப்பு வீணாகாமல் இருந்தது ஆறு நாள் அலைச்சலால்தான். அதைச் சொல்லத்தான் இதைத் தொடங்குகிறேன்.

தகுதி விதிகள் பலருக்கும் தெரிந்தவைதான். சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம். அப்புறம் நீட். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, மீதி 85 சதவீதம் மாநிலத்துக்கு. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டு அலமாரியில் இருந்த சாதிச் சான்றை மட்டும் நான் ஒருமுறைகூட எடுத்துப் படித்துப் பார்க்கவில்லை.

மாநிலக் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடும்போது சான்றுகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தோம். மகள்தான் கவனித்தாள். "அப்பா, இதுல உங்க பேரு பாதிதான் இருக்கு" என்றாள். டிசியில் என் பெயர் முழுதாக இருக்கிறது, ஆதாரிலும் அப்படியே. அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வாங்கிய சாதிச் சான்றில் கடைசியில் வரும் 'வேல்' இல்லை. வெறும் இரண்டு எழுத்து. சரிபார்ப்பவர் இதை ஏற்பாரா, மாட்டாரா என்று யாரிடம் கேட்டும் உறுதியான பதில் கிடைக்கவில்லை. விண்ணப்பம் முடிய ஏழு நாள்தான் இருந்தது.

இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்தோம். எங்கள் விஏஓ இரண்டு ஊருக்குப் பொறுப்பு, அவரைப் பிடிக்கவே இரண்டு நாள் ஆனது. அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், பிறகு தாசில்தார் அலுவலகம். ஒவ்வொரு மேசையிலும் கோப்பு நிற்கும்போது என் மனைவி மொபைலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆறாம் நாள் மாலை ஆறே முக்காலுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அன்றிரவே பதிவேற்றினோம்.

பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, டிசி, ஆதார், சாதிச் சான்று எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, பெயர், இனிஷியல், பிறந்த தேதியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.

மூன்றாமாண்டு மாணவி:

ஐயா, நீங்கள் தப்பித்தீர்கள். நான் தப்பிக்கவில்லை.

நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. நீட் விண்ணப்பத்தில் ஓபிசி, அதாவது இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று குறித்திருந்தேன். எங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலிலும் இருக்கிறது, அதனால் தப்பாக எதையும் குறிக்கவில்லை. அகில இந்திய ஒதுக்கீட்டில் முதல் சுற்றிலேயே நல்ல கல்லூரி கிடைத்தது. வீடே கொண்டாடியது. சேரப் போன இடத்தில் நிரந்தர சாதிச் சான்றை நீட்டினேன். அந்த மேடம் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மாநிலச் சான்றும்மா. மத்திய அரசு படிவத்துல, கிரீமி லேயர்ல வரலைன்னு போட்ட ஓபிசி சான்று வேணும்" என்றார்.

கிரீமி லேயர் என்றால் பிற்படுத்தப்பட்டோரிலேயே வசதியான குடும்பங்கள், அவர்களுக்கு ஓபிசி ஒதுக்கீடு இல்லை. அதில் வரவில்லை என்று தனியாக ஒரு சான்று இருக்கிறது என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். இது வாழ்நாளுக்கு ஒருமுறை வாங்கி வைக்கும் சான்று இல்லை, குடும்ப வருமான நிலையைப் பார்த்துப் புதிதாகத் தருவது. சேரக் கொடுத்த நாட்களுக்குள் அப்பாவால் அதை வாங்க முடியவில்லை. இடம் போய்விட்டது. பிறகு மாநில ஒதுக்கீட்டில் வேறு கல்லூரி கிடைத்துப் படிக்கிறேன். இங்கே எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அன்று பேருந்தில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார், ஊர் வரும்வரை பேசவில்லை. அதை என்னால் மறக்க முடியவில்லை.

பிசி, எம்பிசி பிள்ளைகள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் முயல்கிறீர்கள் என்றால் இரண்டு சான்றும் வேண்டும். மாநிலத்துக்கு ஒன்று, மத்தியத்துக்கு ஒன்று. தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியை:

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பற்றி யாரும் எழுதவில்லையே. 2020-இல் அது வந்த பிறகு எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்பு கைக்கு எட்டும் விஷயமாக மாறியது. கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதை நான் பெருமையோடு சொல்வேன்.

அதே ஒதுக்கீட்டில் என் மனதை உடைத்த சம்பவமும் உண்டு. எங்கள் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டு படித்த ஒரு பையன். அப்பா கட்டட வேலை. தனிப்பயிற்சி எதுவும் இல்லாமல், பள்ளி முடிந்து எங்களோடு உட்கார்ந்து படித்தான். உயிரியலில் பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்று சொல்வான். மதிப்பெண் வந்ததும் அந்த ஒதுக்கீட்டில் அவனுக்கு நிச்சயம் இடம் உண்டு என்று கணக்குப் போட்டோம்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தயார் செய்ய உட்கார்ந்தபோது, ஆறாவதும் ஏழாவதும் எங்கே படித்தான் என்று கேட்டேன். பள்ளியின் பெயரைச் சொன்னான். அது அரசு உதவி பெறும் பள்ளி, நடத்துவது தனியார் நிர்வாகம். "அரசுப் பள்ளிதான் டீச்சர், மதிய சாப்பாடு எல்லாம் போட்டாங்க" என்றான். அவன் அம்மாவும் அதையே சொன்னார். சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, சாப்பாடும் போடுகிறார்கள். அவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? ஆனால் உதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் வராது. கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு வழி இருக்கிறது. இவனுக்கு இல்லை.

பொதுப் பட்டியலில் அவன் மதிப்பெண்ணுக்கு எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை. இப்போது பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறான், நன்றாகப் படிக்கிறான். ஆனால் நான் பதினொன்றாம் வகுப்பிலேயே கேட்டிருந்தால் அவன் எந்த மதிப்பெண்ணைக் குறிவைக்க வேண்டும் என்பதையாவது முன்கூட்டியே சொல்லியிருப்பேன். அதிலிருந்து பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகள் சேரும் முதல் வாரமே ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளை எழுதச் சொல்லி வாங்கிவிடுகிறேன்.

மகளைச் சேர்த்த அப்பா:

டீச்சர், படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. அந்தத் தம்பி நன்றாக வரட்டும். உங்களைப் போல முதல் வாரமே கேட்பவர்கள் எல்லாப் பள்ளியிலும் வேண்டும்.

முதலாண்டு மாணவன்:

தேர்வு நாளைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டு மணிக்குத் தேர்வு, ஒன்றரைக்குக் கதவை மூடிவிடுவார்கள். அரைக்கைச் சட்டை, சாதாரணச் செருப்பு. விண்ணப்பத்தில் ஏற்றிய அதே போட்டோ, பாஸ்போர்ட் அளவிலும் அஞ்சலட்டை அளவிலும் வேண்டும். என் முன்னால் நின்ற பெண் சிறிய போட்டோ மட்டும் கொண்டுவந்து, அவள் அண்ணன் ஸ்டுடியோ தேடி ஓடினார். அவர் திரும்பி வரும்வரை எங்கள் வரிசையே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வந்துவிட்டார்.

180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் பாதி உயிரியல். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழியும். நான் தமிழ்வழி. வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். அதனால் முக்கியமான சொற்களை இரண்டு மொழியிலும் படித்து வைத்திருந்தேன். இயற்பியலில் இரண்டு கேள்விகளில் அது கைகொடுத்தது.

கல்லூரியில் சேர்ந்த அன்று அசல் சான்றுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் ஐந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், வங்கிக்கும் உதவித்தொகைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

என் தம்பி இப்போது பதினொன்றாவது, அவனுக்கும் டாக்டர் ஆசை. மேலே ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அம்மாவுக்கு போன் செய்து அவன் சாதிச் சான்றை வாசிக்கச் சொன்னேன். அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அப்பா பெயர் வந்ததும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கிறது.