17 சதவீத ஈரப்பதம்: களத்து நெல்லுக்கு டெல்லி அனுமதி எதற்கு?

(புனைபெயர்களில் நான்கு பேர் பேசிக்கொண்டது.)

வெட்டாறு:
காவிரி டெல்டாவின் குறுகிய காலப் பயிரான குறுவை நெல்லின் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நடப்பது இதுதான். கொள்முதல் நிலையத்தில் மீட்டர் 19, 20, 21 என்று காட்டும். வரம்பு 17. வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு ஒன்றிய உணவுத் துறைக்குக் கடிதம் எழுதும். அங்கிருந்து குழு வரும், நிலையம் நிலையமாகப் போய் மாதிரி எடுக்கும், மாதிரி ஆய்வகத்துக்கும் அறிக்கை டெல்லிக்கும் போகும், அப்புறம்தான் உத்தரவு. அதுவரை நெல் ரோட்டோரத்தில் படுதாவுக்கு அடியில் கிடக்கும். பல குறுவை ரகங்களுக்கு விதை உறக்கம் (அறுத்த நெல் உடனே முளைக்காமல் இருக்கும் காலம்) குறைவு. ஈரம் நின்றால் குவியலின் மேல்பரப்பிலேயே வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். முளைத்த நெல்லை எந்தத் தளர்வும் காப்பாற்றாது.

வேளாண்மை அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 14-வது பதிவு. வாங்குவது நம்முடைய நுகர்பொருள் வாணிபக் கழகம். இரண்டு மூன்று சதவீத ஈரத்துக்கு டெல்லி எதற்கு நடுவில்?

ஏழாம் அட்டவணை:
கேள்வி நியாயமானது, ஆனால் நீங்கள் பிடித்திருக்கும் பதிவு வேறு. விளைவிப்பதுதான் 14. விற்பதும் வாங்குவதும் மாநிலப் பட்டியலின் 26, 27. அந்த இரண்டுமே, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலின் 33-க்குக் கட்டுப்பட்டவை. உணவுப் பொருள் வணிகத்தை அந்த 33-க்குள் கொண்டுவந்தது 1954-இன் மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தம்.

அதைவிட முக்கியம், இந்த 17 சதவீதம் எந்தப் பட்டியலிலிருந்தும் வரவில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலைக்கே தனிச் சட்டம் கிடையாது, அது ஒன்றிய அமைச்சரவையின் முடிவு. அந்த விலைக்கு வாங்கும் நெல் எப்படி இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தர நிர்ணயத் தாள் வரும்: ஈரம் 17, கருக்காயும் சுருங்கிய நெல்லும் 3, சேதமானது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டடித்தது எல்லாம் சேர்த்து 5, மட்ட ரகக் கலப்பு 6. பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் மாநிலம் வாங்கி, அரைத்து, ரேஷனில் கொடுக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்ட ஒதுக்கீட்டுக்கான அரிசிச் செலவை ஒன்றியம் திருப்பித் தருகிறது. தாளை மீறினால் சட்டப்படி குற்றமில்லை. பணம் வராது, அவ்வளவுதான். அதிகாரம் அந்தப் பணத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அரவைக் கணக்கு:
அப்படி இருப்பதில் என்ன தவறு? ஈரம் என்றால் தண்ணீர், தண்ணீருக்கு நெல் விலை கொடுக்க முடியாது. கணக்கைப் பாருங்கள். 100 கிலோ நெல்லில் 22 சதவீத ஈரம் என்றால் உலர் பொருள் 78 கிலோ. அதையே 17-க்குக் காயவைத்தால் 94 கிலோ நிற்கும், 6 கிலோ ஆவி. 40 கிலோ சிப்பத்துக்கு 2.4 கிலோ.

அடுத்தது அரவை. புழுங்கல் என்றால் 100 கிலோ நெல்லுக்கு ஆலை 68 கிலோ அரிசி கொடுக்கவேண்டும் என்பது விதி. 17 சதவீத நெல்லில் 68 கிடைத்தால், 22 சதவீத நெல்லில் 63.9-தான் கிடைக்கும். குவிண்டாலுக்கு 4.1 கிலோ அரிசி எங்கிருந்து வரும்? பஞ்சாப், சத்தீஸ்கர், ஆந்திரா எல்லாருக்கும் ஒரே தாள்தான். ஒருவருக்கு மட்டும் கேள்வி கேட்காமல் தளர்த்தினால், மற்றவர்கள் காயவைப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்று, மாநிலம் தன் காசில் ஈர நெல்லை வாங்க எந்தத் தடையும் இல்லை. 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு ஒன்றிய விலை குவிண்டாலுக்கு 2,389, அதன்மேல் 156 ரூபாய் ஊக்கத்தொகையைச் சேர்த்து 2,545 கொடுத்தது மாநிலம்தானே. 22-க்கும் 17-க்கும் உள்ள எடை இழப்பும் குவிண்டாலுக்கு ஏறக்குறைய 150 ரூபாய்தான். ஊக்கத்தொகை கொடுக்கும் கையே இதையும் கொடுக்கலாம்.

களத்துமேடு:
ஒரே தாள் சரி சார், ஆனா ஒரே வானம் இல்லையே. பஞ்சாபில் அக்டோபர் என்றால் வெயில். இங்கே வடகிழக்குப் பருவமழை இறங்குகிற மாதம். ஆளைவிட்டு அறுத்து, அரியை (அறுத்த கதிரை) காயப்போட்டு, அப்புறம் அடித்த காலத்துக்கு 17 பொருந்தும். இப்போ பெல்ட் டைப் அறுவடை மிஷின் வயலிலேயே அறுத்து, தூற்றி, டிராக்டர் பெட்டியில் கொட்டிவிடுகிறது. அந்த நெல் 20-க்கு மேல்தான் இருக்கும். வெயில் அடித்தால் விரல் கனத்துக்குப் பரப்பி, மணிக்கொரு தரம் காலால் கிளறிவிட்டால் சீக்கிரம் இறங்கிவிடும். மேகம் மூடினால் நாளெல்லாம் கிளறினாலும் மீட்டர் நகராது. ராத்திரி பனியில் இறங்கினதும் திரும்ப ஏறும்.

குறுவை அக்டோபரில் ஏன் மாட்டுகிறது என்பதையும் பேசணும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் அந்த மாதக் கடைசிக்குள் நாற்று விடலாம். 110 நாள் ரகம் அக்டோபர் பாதியில் களத்துக்கு வந்துவிடும். தண்ணீர் ஒரு மாதம் தள்ளினால் அறுப்பு நேராக அடைமழைக்குள். அந்தத் தண்ணீருக்கும் டெல்லியில் இருக்கிற காவிரி ஆணையத்தைத்தான் பார்க்கணும். நாத்தங்காலுக்கும் களத்துக்கும் நடுவில்தான் மாநிலம் என்கிற மாதிரி ஆகிவிட்டது.

வெட்டாறு:
அரவைக் கணக்கு சார், உங்கள் எண்களை அப்படியே ஏற்கிறேன். ஆனால் அவையே என் பக்கம் பேசுகின்றன. ஒன்றியம் கணக்குத் தீர்ப்பது அரிசிக்கு. அரிசிக்குத் தனித் தாள் இருக்கிறது: ஈரம் 14, நொய் பச்சரிசியில் 25, புழுங்கலில் 16. நூற்றுக்கு 68 என்பதும் முன்கூட்டியே கட்டிய கணக்கு. ஈர நெல்லை வாங்கி அரிசி குறைந்தால் நஷ்டம் வாங்கியவர் தலையில்தானே விழும்? அப்புறம் கிடங்கு வாசலில் அரிசியைச் சோதித்தால் போதாதா? களத்தில் வந்து நெல்லைத் தொட வேண்டிய அவசியம் என்ன?

கொள்முதல் ஆண்டு அக்டோபர் 1-இல் தொடங்கும் என்பதும் வடக்கத்திப் பருவத்துக்குப் போட்ட நாள். குறுவைக்காக அதை செப்டம்பர் 1 என்று முன்னே கொண்டுவந்தது 2022-இல், அதுவும் கேட்டு வாங்கிய அனுமதி.

அரவைக் கணக்கு:
நஷ்டம் வாங்கியவர் தலையில் விழும் என்பது தாளில். நடைமுறையில் என்ன ஆகும் என்று சொல்கிறேன். 20-க்கு மேல் ஈரமுள்ள நெல்லைச் சாக்கில் பிடித்து, திறந்தவெளிக் கிடங்கில் அட்டி போட்டு அடுக்கினால், நடு அட்டியில் சூடு ஏறும். கையை விட்டாலே தெரியும். கொஞ்ச நாளில் அரிசி மஞ்சளாகும். அரவை ஆலைக்காரர் 68 கட்ட முடியாமல் நல்ல அரிசியோடு அதைக் கலப்பார். மஞ்சள் அரிசி கடைசியில் போய்ச் சேருவது ரேஷன் கடை வரிசைக்கு. நெல்லிலேயே தடுப்பது அதற்காகத்தான், மாநிலத்தைக் குறைத்துப் பார்ப்பதற்காக அல்ல.

இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் 1965 ஜனவரி 14-இல் திறந்தது தஞ்சாவூரில். டெல்டா நெல்லை அளந்து வாங்குவது அந்த அமைப்புக்குப் புதிதல்ல.

ஏழாம் அட்டவணை:
அந்த வரலாற்றை வைத்தே கேட்கிறேன். தஞ்சாவூரில் அளக்கத் தெரிந்த அலுவலகம் இருக்கும்போது முடிவு மட்டும் ஏன் டெல்லி போகிறது?

காவிரித் தண்ணீர் விஷயத்தில் இதைவிட நல்ல அமைப்பு இருக்கிறது. மாநிலப் பட்டியல் 17-இல் தண்ணீர் நமக்கு, ஆனால் ஒன்றியப் பட்டியல் 56-க்கு உட்பட்டு. அந்தச் சண்டைக்கு 1956-இன் சட்டம், 1990-இல் நடுவர் மன்றம், 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதே ஆண்டு ஆணையம். கர்நாடகம் விடும் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி, ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95. மீறினால் கேட்க இடமுண்டு, நாலு தரப்பும் உட்கார நாற்காலி உண்டு. கர்நாடகம் 1991-இல் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை அவசரச் சட்டத்தால் தள்ளப் பார்த்தபோது, அது செல்லாது என்று சொல்ல நீதிமன்றம் இருந்தது. நெல் ஈரத்தில் இதெல்லாம் இல்லை. கடிதம் எழுதுவதும் காத்திருப்பதும்தான்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. தர நிர்ணயத் தாளிலேயே ஒரு வரி சேர்க்கட்டும்: மாவட்டத்தில் இத்தனை மில்லிமீட்டர் மழை பதிவானால், உணவுக் கழகத் தரக்கட்டுப்பாட்டு அலுவலரும் வாணிபக் கழக மண்டல மேலாளரும் சேர்ந்து கையெழுத்திட்டு 20 வரை அங்கேயே தளர்த்தலாம். எடைக் கழிவு எவ்வளவு என்பதும் அதே தாளில் அட்டவணையாக இருக்கட்டும்.

அரவைக் கணக்கு:
இதை ஏற்கிறேன், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, தளர்வில் வாங்கிய நெல் தனி அட்டி, தனிச் சீட்டு. அது கிடங்குக்குப் போகாமல் நேரே உலர்த்தி இயந்திரம் உள்ள ஆலைக்குப் போகணும். இரண்டு, உலர்த்தி இயந்திரங்களை வாங்கி வைப்பது மாநிலத்தின் வேலை. அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

வெட்டாறு:
முதலாவதில் சண்டையில்லை. இரண்டாவதும் சரி, மாநிலம் இதில் பின்தங்கித்தான் இருக்கிறது. ஆனால் 20-இல் வாங்கினால்கூட குவிண்டாலுக்கு இரண்டரைக் கிலோ அரிசி குறையும். அந்தக் கழிவை விவசாயி விலையில் பிடிக்கக் கூடாது.

களத்துமேடு:
விவசாயி விலையில் பிடிக்கக் கூடாதுன்னா ஒன்றியமா, மாநிலமா? அந்த அட்டவணையில் யார் பெயருக்கு நேரே அந்த இரண்டரைக் கிலோ எழுதப்படும்னு முதலில் சொல்லுங்க சார்.