தகவல் தேடலையும் மூல மதிப்பீட்டையும் கற்பிப்பது நூலகத்தின் பொறுப்பா, துறையின் பொறுப்பா?

நூலகர், டர்பன்

முதலாண்டு மாணவர்களுக்குத் தகவல் தேடவும் கிடைத்ததை மதிப்பிடவும் கற்பிக்கும் வகுப்பைப் பல்கலைக்கழக நூலகமே, மதிப்பெண்ணுள்ள தனிப் பாடமாக நடத்த வேண்டும் என்பது என் கருத்து. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் நூலகத்தைச் சுற்றிக் காட்டி, தரவுத்தளங்களின் பெயர்களைத் திரையில் ஓட்டிவிட்டு அனுப்புவது பயிற்சி ஆகாது. நூலகமே இல்லாத பள்ளிகளில் படித்து வருவோர் தென்னாப்பிரிக்காவில் ஏராளம். நூற்பட்டியலை அவர்கள் முதன்முதலில் பார்ப்பதே இங்கேதான்.

நம் சமூகத்துக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 1860 முதல் 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்கு இந்தியாவிலிருந்து வந்த 152,184 ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவை இருக்கின்றன. ஆனால் எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடியே ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஆகவே முனுசாமி என்ற ஒரே பெயர் முனிசாமி, மூனசாமி, மூன்சாமி எனப் பல வடிவங்களில் கிடக்கிறது. தன் கொள்ளுப்பாட்டனைத் தேடும் மாணவி ஒரு வடிவத்தை மட்டும் தட்டச்சு செய்துவிட்டு, பதிவு இல்லை என்று முடிவு கட்டுகிறாள். மீதி எழுத்துகள் எப்படி இருந்தாலும் கிடைக்கும்படி முதல் சில எழுத்துகளோடு நட்சத்திரக் குறி இடுவது, மாற்று வடிவங்களை 'அல்லது' என்ற இணைப்பால் கோப்பது, கப்பலையும் ஆண்டையும் கொண்டு குறுக்குவது ஆகியவற்றை யாரேனும் உட்கார வைத்துக் கற்பித்தால்தான் வரும். தென்னாப்பிரிக்காவின் மற்றொரு பகுதியான டிரான்ஸ்வாலில், இந்தியர்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற 1907ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடுவோரும் 'இந்தியர்' என்றே தேடி ஏமாறுகிறார்கள். அச்சட்டத்தின் தலைப்பில் இருப்பது 'ஆசியாட்டிக்', அதாவது ஆசியர் என்ற சொல்.

வரலாற்று விரிவுரையாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஐயா, நீங்கள் சொன்ன இரண்டும் வரலாறு தெரிந்தவருக்கே தோன்றும் தேடல் உத்திகள் என்பதைக் கவனியுங்கள். தனிப் பாடம் என்று பிரித்தவுடன் அது கேள்விப் பட்டியலாகச் சுருங்கிவிடும் என்பதே என் அச்சம். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர் சாரா பிளேக்ஸ்லீ 2004இல் வகுத்த பட்டியல் பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது: அண்மை, பொருத்தம், எழுதியவரின் தகுதி, துல்லியம், நோக்கம். வரலாற்று மாணவருக்கு முதல் கேள்வியே இடறுகிறது, ஏனெனில் எங்களுக்குப் பழையதுதான் பெரும்பாலும் மேலான சான்று.

தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். அவர் சிறையில் பேசியதாக இணையத்தில் உலவும் வசனங்கள் பலவற்றில், யார் கேட்டு எழுதினார் என்ற குறிப்பே இல்லை. காந்தி அவரைப் பற்றி எழுதிய நூல் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பிறகு குஜராத்தியில் எழுதப்பட்டு, 1928இல் ஆங்கிலத்தில் வந்தது. அவர் மறைந்த 1914ஆம் ஆண்டில், காந்தி அங்கே நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழையும் அந்நூலையும் எப்படி ஒப்பிட்டு எடைபோடுவது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லித் தராது. பாடம் தெரிந்த ஆசிரியரே சொல்லித் தர முடியும்.

நூலகர், டர்பன்

பட்டியலை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் பாட அறிவு காப்பாற்றும் என்பதை ஏற்க இயலவில்லை, அம்மா. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முனைவர் பட்டம் பெற்ற 10 வரலாற்றாசிரியர்களையும், செய்தி சரிபார்ப்பாளர் 10 பேரையும், மாணவர் 25 பேரையும் இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொன்னார்கள். வரலாற்றாசிரியர்கள் பலரும் அப்பக்கங்களின் சின்னத்தையும் நேர்த்தியையும் நம்பி ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை முழுதும் படிக்காமல், உடனே உலாவியில் வேறு தாவல்களை (டேப்) திறந்து, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். இந்தப் பழக்கத்தைத்தான் நூலகம் கற்பிக்க விரும்புகிறது. இது எந்தத் துறைக்கும் சொந்தமன்று.

வரலாற்று விரிவுரையாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அந்த ஆய்வில் கொடுக்கப்பட்ட பக்கங்கள் குழந்தை மருத்துவம், குறைந்தபட்சக் கூலி போன்றவற்றைப் பற்றியவை. வரலாற்றாசிரியரைத் தம் வயலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பாட அறிவு பயன்படவில்லை என்று முடிவு செய்வது பொருந்தாது.

முதுகலை மாணவி, சாட்ஸ்வர்த்

இருவரும் யார் கற்பிப்பது என்று பேசுகிறீர்கள். எப்போது என்பதும் முக்கியம். பிப்ரவரியில் காட்டப்படும் தரவுத்தளம், ஏப்ரலில் கட்டுரை எழுதும்போது நினைவில் இருப்பதில்லை. வீட்டில் இணையத் தரவு வாங்கும் செலவும் சேரும்போது, மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுச் செயலியையே கேட்கிறார்கள். அது உண்மையான இதழின் பெயரையும் நம்பத்தக்க ஆசிரியர் பெயரையும் சேர்த்து, எங்குமே வெளிவராத கட்டுரையை மேற்கோளாகத் தருகிறது. நான் பயிற்றுநராகத் திருத்திய கட்டுரைகளில் இத்தகையவற்றைக் கண்டேன். விரிவுரையாளர்கள் மேற்கோள்களின் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. மன்னிக்கவும் அம்மா, அதனால்தான் இதை முழுவதும் துறையிடம் விட எனக்கு மனம் வரவில்லை.

வரலாற்று விரிவுரையாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அந்தக் குறை உண்மையானது. அப்படியானால், முதல் கட்டுரையோடு ஒரு தேடல் குறிப்பையும் கேட்கலாம்: என்ன சொற்களால் எங்கே தேடினார்கள், எதை ஏன் விலக்கினார்கள் என்று அவர்களே எழுதட்டும், அதற்குத் துறை மதிப்பெண் தரட்டும். நூலகர் அந்த வாரம் எங்கள் வகுப்பறைக்கு வரட்டும். தனிப் பாடம் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

நூலகர், டர்பன்

வருகிறோம். ஆனால் ஒரு துறையில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் இருக்கும்வரை அந்த அழைப்பு வரும். அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டே நின்றுவிடும். பாடத்திட்டத்தில் எழுதப்பட்ட பாடத்தை அவ்வாறு யாரும் மறந்துவிட முடியாது. அதனால்தான் தனிப் பாடம் கேட்கிறேன், தேடல் குறிப்பை அதன் முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளவும் ஒப்புகிறேன்.