கொசுவை ஒழிக்க மூலிகைச் சாறு போதுமா?

வேப்பநிழல்:
புகை, சுருள், மருந்து என்று எதை அடித்தாலும் கொசு குறைந்தபாடில்லை. சுருளிலும் தெளிப்பானிலும் இருக்கும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி மருந்துகளைத் தாங்கிப் பிழைக்கும் கொசுக்கள் பல நாடுகளில் பெருகிவிட்டன. இனியாவது செடிகள் பக்கம் திரும்ப வேண்டும் என்கிறேன். சும்மா சொல்லவில்லை. கொசுப்புழு நெளியும் இரண்டு வாளிகளை வலைத்துணியால் மூடி வைத்தேன். ஒன்றில் மட்டும் வேப்பங்கொட்டையை இடித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டிய சாற்றை ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் புழுக்கள் பாட்டுக்கு நெளிந்துகொண்டிருந்தன. மனசு விட்டுப்போனது. ஐந்தாம் நாள் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பல புழுக்கள் தோலைப் பாதி உரித்தபடியே செத்துக் கிடந்தன. பழைய தோல் கழற்ற முடியாத ஈரச்சட்டை மாதிரி வால்பக்கம் ஒட்டியிருந்தது. சாறு ஊற்றாத வாளியிலோ வலைக்கு அடியில் கொசுக்கள் உட்கார்ந்திருந்தன.

தும்பி:
நீங்கள் பார்த்ததை நம்புகிறேன். வேம்பில் இருக்கும் அசாடிராக்டின், புழு தோலுரிக்கத் தேவையான ஹார்மோனைக் குலைத்துவிடும். உடனே சாகாமல் சில நாள் கழித்துச் செத்ததற்கு அதுதான் காரணம். ஆனால் இதை நம்பி மற்றதை விட்டுவிடலாம் என்றால் ஒப்ப மாட்டேன். அசாடிராக்டின் வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டையோ தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் ஏறியதும் பொரித்து, வெப்பமான நாட்களில் ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். எத்தனை முறைதான் சாறு ஊற்றிக்கொண்டிருப்பீர்கள்?
இன்னொன்று. ஒரு வாளியில் தெளிந்த நீர், மற்றதில் கலங்கிய சாறு. பாதித் தோலோடு செத்தவை வேம்பால் செத்தவை, சரி. மற்றவை? தண்ணீர் கெட்டுப்போனதால்கூடச் செத்திருக்கலாம்.

வேப்பநிழல்:
ஊற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிர்ப்புத்திறன் விஷயத்தைப் பாருங்கள். 1995-ல் வந்த ஓர் ஆய்வில் அசுவினிப் பூச்சிகளை 40 தலைமுறை வளர்த்தார்கள். தனி அசாடிராக்டின் கொடுத்த கூட்டம் அதை 9 மடங்கு தாங்கப் பழகியது. வேப்பங்கொட்டைச் சாறு கொடுத்த கூட்டத்தால் அப்படிப் பழக முடியவில்லை. சாற்றில் பல பொருள்கள் கலந்திருப்பதால் பூச்சிக்குத் தப்ப வழி கிடைப்பதில்லை போலும். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

தும்பி:
நல்ல ஆய்வு, நானும் மதிக்கிறேன். ஆனால் அது செடியில் சாறு உறிஞ்சும் அசுவினி. கொசுப்புழுவும் அப்படித்தான் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

நிலாம்மா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு இரண்டு வயது. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினால் கொசு கடிக்காது என்றார்கள், அதனால் தினமும் தடவுகிறேன். அரை மணி நேரத்தில் மறுபடி கடித்துவிடுகிறது. கையெல்லாம் சிவந்தும் போகிறது.

தும்பி:
உடனே நிறுத்துங்கள், அம்மா. நீர்க்கச் செய்யாத வாசனை எண்ணெய் குழந்தையின் தோலைப் புண்ணாக்கும். 2002-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கொசுவிரட்டிகளை ஒப்பிட்ட ஆய்வு வந்தது. டீட் என்ற செயற்கைக் கொசுவிரட்டி 23.8 சதவீதம் கலந்த மருந்து சராசரியாக ஐந்து மணி நேரம் காத்தது. அதில் சோதித்த, எலுமிச்சைப்புல் இனத்துப் புல்லின் எண்ணெயான சிட்ரோனெல்லா வகைகள் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. அவை சீக்கிரம் ஆவியாகிவிடுகின்றன. எலுமிச்சை யூகலிப்டஸ் மரத்திலிருந்து எடுக்கும் பிஎம்டி என்ற கொசுவிரட்டி நன்றாக வேலை செய்யும், ஆனால் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது கூடாது. உங்கள் மகளுக்கு இப்போது வலையும் முழுக்கை உடையும்தான்.

வேப்பநிழல்:
நிலாம்மா, நானும் சொல்கிறேன், வேப்ப எண்ணெயைக் குழந்தையின் வாயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.
தும்பி, ஆனால் நீங்கள் எதிர்க்கும் செடிதானே பைரித்ராய்டுக்கே தாய்? சாமந்தி இனப் பூவான பைரித்ரத்தைப் பார்த்துத்தான் அவற்றைச் செய்தார்கள்.

தும்பி:
ஆமாம். அந்தப் பூவின் சத்து வெயிலில் நிலைக்காததால்தான் 1973-ல் பிரிட்டன் வேதியியலாளர் மைக்கேல் எலியட் குழு வெயில் தாங்கும் பெர்மெத்ரின் என்ற பைரித்ராய்டை உருவாக்க வேண்டியிருந்தது. பூச்சாறும் செயற்கை மருந்தும் தாக்குகிற இடமும் ஒன்றே, நரம்புக்குள் சோடியம் நுழையும் வழி. அந்த இடம் மாறிப்போன கொசு, செயற்கையையும் தாங்கும், பூச்சாற்றையும் தாங்கும். பூச்சாறு மீனையும் கொல்லும். செடியிலிருந்து வந்தது என்பதற்காகப் பத்திரமானது என்று நம்பிவிடக் கூடாது. நிக்கோட்டினும் செடியிலிருந்துதான் வருகிறது.

வேப்பநிழல்:
சரி, நீங்கள் கேட்ட சோதனையைச் செய்கிறேன். மூன்றாவது வாளியில் வேறொரு கொட்டையின் சாற்றை அதே கலங்கலாக ஊற்றுகிறேன். வேப்பஞ்சாற்றிலும் ஒரு வாளி நிழலில், ஒரு வாளி வெயிலில். தேங்கிய தண்ணீரைக் கொட்டித் தேய்ப்பதையும் விடப்போவதில்லை. ஆனால் கொட்ட முடியாத தொட்டிகளுக்கு இந்தச் சாறு உதவும் என்ற என் எண்ணம் மாறவில்லை.

தும்பி:
குடிக்கிற தண்ணீர்த் தொட்டி வேண்டாம். மற்றபடி செய்து பாருங்கள். ஒவ்வொரு வாளியிலும் புழுக்களை எண்ணிப் போடுங்கள். எல்லாம் முடியும்வரை வலையைக் கழற்றிவிடாதீர்கள்.