ஒற்றை டோனுக்கு 45%, எல்டிஇ-க்கு 24%: மேட்ச்சிங் பிழையா?

அக்கரைப்பற்று மாணவி:
இறுதி வருட புரொஜெக்ட், ஃபோனுக்கான பவர் அம்ப்ளிஃபயர். கிளாஸ் ஏபி, 3.4 வோல்ட், உச்சம் 27 டிபிஎம் (மில்லிவாட்டை வச்சு டெசிபெல்லில் சொல்ற பவர்). ஒற்றை டோனில் (உயரம் மாறாத ஒரே அலை) அந்த உச்சத்துக்கு 45% வினைத்திறன் வருது. எல்டிஇ (4ஜி) சிக்னல் குடுத்து சராசரி 22 டிபிஎம்மில் பார்த்தால் 24% தான், சிப்பும் நல்லாச் சுடுது. மேட்ச்சிங் சர்க்கிட்டால் லோடை 50 ஓமிலிருந்து 9 ஓமுக்கு இறக்கியிருக்கேன். மேட்ச்சிங்கை மறுகாவும் செய்யணுமா?

கல்முனை ரிப்பெயார் கடை:
சிப்புக்குக் கீழ கிரவுண்ட் பேட் ஒழுங்கா ஒட்டியிருக்கா தங்கச்சி? எங்கட மேசையில முதல்ல பாக்கிறது அதைத்தான்.

கல்லடி:
பேட்டைப் பாருங்க, மேட்ச்சிங்கைத் தொடாதீங்க. 27 டிபிஎம் அரை வாட். டிரான்சிஸ்டருக்கு 0.4 வோல்ட் விட்டால் மிச்சம் 3. வர்க்கம் 9, அதை அரை வாட்டின் இரட்டிப்பால் பிரிச்சால் 9 ஓம். கணக்குச் சரி.

24-உம் வரவேண்டியதுதான். எல்டிஇ அலையின் உயரம் ஏறி இறங்கும். உச்சம் வெட்டுப்படாமலிருக்க சராசரியை 5 டெசிபெல் கீழ வச்சிருக்கீங்க. இந்த வகையில வீச்சு குறைஞ்ச அளவுக்கு வினைத்திறனும் விழும்: 5 டெசிபெலுக்கு 0.56 மடங்கு, 45-க்கு 25. புத்தகம் சொல்ற கிளாஸ் பி 78.5% முழு வீச்சுக்கு மட்டும். 2ஜி-யில் குரலுக்கு அலையின் உயரமே மாறாது, முட்ட ஓட்டலாம். அது ஒரு சுகமான காலம்!

வயலுக்குக் கொஞ்சத் தண்ணி காணுமென்றால் பம்பின் வேகத்தைத்தான் குறைக்கணும், குழாயை நெரிக்கப்படாது. சராசரி 12 டிபிஎம் போதுமான நேரத்துக்கு சப்ளை வோல்ட்டை 1.4-க்கு இறக்கிப் பாருங்க.

ஏறாவூர்:
டோஹெர்ட்டி (இரண்டு அம்ப்ளிஃபயர் சேர்ந்து ஒரே லோடை ஓட்டுற முறை) போட்டால் என்ன?

கல்லடி:
1936-இல் பெல் லாப்ஸில் வந்த யோசனை, டவருக்கு அருமை. ஃபோனைக் கையால் பொத்தினாலே அன்டெனா லோட் மாறுது. டோஹெர்ட்டி நிக்கிறதே லோடை நம்பித்தான். இறுதி வருடத்தில அந்த வம்பு வேணாம்.

அக்கரைப்பற்று மாணவி:
பேட் சரி. 1.4-க்கு இறக்கினேன், ஆனா கரண்ட் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு! கெயின் 2 டெசிபெல் விழுந்திட்டு. பக்கத்து சேனல் கசிவு 34 டெசிபெல் கீழ.

கல்லடி:
கசிவுக்கு எல்லை 30, தப்பிட்டீங்க. கரண்ட் மாறாது தங்கச்சி. அதே பவர், அதே லோட். வோல்ட்டால் பெருக்கிப் பாருங்க: 3.4 இருந்த இடத்தில 1.4. நடுவில டிசி கொன்வேட்டர் வச்சால் அதன் நட்டம் போயும் பற்றரிக்குப் பாதிச் சுமை குறையும். கெயினுக்கு உள்ளீட்டைக் கூட்டி, ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஒரு அட்டவணை போடுங்க. சப்ளை லைனில இருக்கிற பெரிய கெப்பாசிட்டரைக் கழட்ட வேணாம். வோல்ட் அலையோட சேர்ந்தே ஆடணும் என்றால்தான் அது இடைஞ்சல்.