ஒரே பெயரில் இரண்டு லேப்டாப்: பிரிண்டர் கிடைக்கவில்லை, உதவி தேவை

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். அதற்காகப் பழைய லேப்டாப் இரண்டு வாங்கினோம், விண்டோஸ் 10. ஒன்றில் இருந்த சிஸ்டத்தை அப்படியே மற்றதில் நகல் எடுத்திருக்கிறார்கள் போல, இரண்டுக்கும் ஒரே பெயர். நெட்வொர்க்கில் இந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறது என்று செய்தி வந்தது.

இரண்டாவதற்குப் பெயர் மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன். செய்தி போய்விட்டது. ஆனால் என் மேசைக் கணினியிலிருந்து, பிரிண்டர் மாட்டியிருக்கும் முதல் லேப்டாப்பைப் பெயரால் தேடினால் இன்னும் இரண்டாவதுதான் திறக்கிறது. ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அந்த லேப்டாப்பின் முகவரி எண்) தட்டினால் சரியாகப் போகிறது. ஆக, வைஃபையில் கோளாறு இல்லை, பெயரில்தான் சிக்கல்.

நெட்பயோஸ் (வீட்டு நெட்வொர்க்கில் கணினிகளைப் பெயரால் கண்டுபிடிக்கும் பழைய முறை) பெயரை 15 எழுத்தோடு வெட்டிவிடும், வெட்டிய பின் நீளமான இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிடலாம். அதனால் முதல் எழுத்திலேயே வித்தியாசம் வைத்து, சின்னதாகத்தான் பெயர் கொடுத்தேன். எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று கணினி நினைவில் வைத்திருக்கும் டிஎன்எஸ் கேஷ், நெட்பயோஸ் கேஷ் இரண்டையும் அழித்தாயிற்று. ரௌட்டரின் டிஎச்சிபி பட்டியலில் (எந்தக் கணினிக்கு எந்த ஐபி கொடுத்தது என்ற பட்டியல்) மட்டும் பழைய பெயர் இரண்டு ஐபிக்கும் நேராக அப்படியே நிற்கிறது. எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

ரௌட்டரை அணைத்துப் போட்டால் அது போய்விடுமா, இல்லை லீஸ் (ரௌட்டர் அந்த ஐபியைக் கொடுத்திருக்கும் கால அளவு) முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? முதல் லேப்டாப்புக்கு ரௌட்டரிலேயே ஒரு ஐபியை ஒதுக்கி, பிரிண்டரை அந்த எண்ணில் இணைத்துவிட்டால் நிலைக்குமா? எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள் அச்சிட வேண்டும், டவுன் கடையில் எடுக்க அவர்களுக்கு வசதி பத்தாது. இதைச் சரிசெய்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ரௌட்டர் பக்கத்தின் படம் வேண்டுமென்றால் போடுகிறேன்.